பாத்திர முரணும் இணங்குவிக்கும் எழுத்தும்: அமெரிக்க வகுப்பறையில் ஓர் இளையோர் நாவல்

1967 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நியூயோர்க்கின் வைக்கிங் பதிப்பகம் சிறு நாவல் ஒன்றை வெளியிட்டது. அதன் முகப்பில் எஸ். ஈ. ஹின்ரன் என்ற பெயர் மட்டுமே இருந்தது. அப்பெயருக்குரியவர் ஒக்லகோமா மாநிலத்தின் துல்சா நகரைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண் என்பதை நூலைக் கையிலெடுத்தோர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆண்பிள்ளைகளின் தெருச்சண்டை பற்றிய கதையை ஒரு பெண் எழுதினாள் என்றால் மதிப்புரைகாரர் படிக்குமுன்பே முகஞ்சுளிப்பர் என்று அஞ்சிய பதிப்பகத்தார், முதலெழுத்துக்களோடு நிறுத்திக்கொள்ளுமாறு அவருக்கு ஆலோசனை கூறியிருந்தனர். புறத்தே நிற்போர் என்று பொருள்படும் 'தி அவுட்சைடர்ஸ்' என்பதே அந்நாவல். அதனை எழுதத் தொடங்கியபோது ஹின்ரனுக்கு வயது பதினைந்து. வில் றொஜேர்ஸ் உயர்பள்ளியின் மாணவியாக அவர் இருந்தார். நாவலில் முனைந்திருந்த அதே காலத்தில் ஆக்க எழுத்துப் பாடத்தில் தமக்குக் கிடைத்தது 'டி' தரப் புள்ளியே என்பதை அவரே பிற்காலத்திற் சிரித்துக்கொண்டு கூறியுள்ளார். ஆசிரியர் இடும் புள்ளிக்கும் எழுத்தின் ஆயுளுக்கும் உள்ள உறவு பற்றி இதற்குமேற் சொல்லவேண்டியதில்லை.

இந்நாவல் 15 மில்லியனுக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றுள்ளது. ஆயின் அதன் வாழ்வு கடைத்தெருவிலே தொடங்கியதன்று. மலிவுப் பதிப்புக்களோடு அடுக்கிவைக்கப்பட்ட இடங்களில் அது தேங்கியே கிடந்தது. பள்ளி ஆசிரியர்கள் தம் வகுப்புக்கென அதனை வாங்குகின்றனர் என்பதைப் பதிப்பகம் கண்டுகொண்ட பின்னரே அதற்குரிய வாசகர் எங்குளர் என்பது புலனாயிற்று. வகுப்பறையிற் புகுந்த நாவல் அங்கு இரண்டு பயிற்சிகளுக்கு உரிய பாடநூலாக நிலைபெற்றது. பாத்திரங்களை எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டு எழுதுதல் ஒன்று. ஒரு நிலைப்பாட்டை மேற்கொண்டு வாசிப்பவரை அதற்கு இணங்கச்செய்யும் கட்டுரை வரைதல் மற்றொன்று.

இவ்விரண்டும் இன்று வெவ்வேறு வாரங்களில் வெவ்வேறு பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. வரலாற்றை நோக்கின் அவை ஒரே பாடத்தின் இரு பகுதிகளாக இருந்தவை. இரு மனிதரை ஒப்பிடுதல் என்பது தொடக்கத்தில் அவையோரை ஒரு தீர்ப்புக்கு இணங்கவைப்பதற்கான கருவியாகவே கருதப்பட்டது. மாணவன் கதையைப் படித்தானா என்று சோதிக்கும் அட்டவணையாக அது மாறியது மிகப் பிந்தியே. ஹின்ரனின் நாவல் அறுந்துபோன இவ்விணைப்பை, அறிந்தோ அறியாமலோ, மீட்டுத் தந்தது என்பதும், வகுப்பறையோ அதனை மீளவும் அறுத்துவிடும் போக்கினை உடையதாய் இருந்துவந்துள்ளது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படும்.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்ரோட்டில் இயற்றிய நாவன்மைக் கலை பற்றிய நூலின் இரண்டாம் பகுதியிலே இளைஞரின் இயல்பு, முதியோரின் இயல்பு, நடுவயதினரின் இயல்பு என்பன அடுத்தடுத்து விரித்துரைக்கப்படுகின்றன. அவற்றைத் தொடர்ந்து உயர்குடிப் பிறந்தோர், செல்வர், அதிகாரமுடையோர் ஆகியோரின் இயல்புகள் கூறப்படுகின்றன. இவை ஒழுக்கவியல் நூலில் இடம்பெறாது பேச்சுக்கலை நூலில் இடம்பெற்றமை கவனித்தற்குரியது. தன்முன் அமர்ந்திருப்போர் எத்தகையோர் என்று அறியாதவன் அவர்களை இணங்கவைக்க இயலாது என்பதே அரிஸ்ரோட்டிலின் கருத்து. வள்ளுவர் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்ததை எண்ணிப் பார்ப்போர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இக்கலையைச் சிறுவர்க்குப் படிப்படியாகப் பயிற்றுவதற்கு எழுந்த பயிற்சிநூல்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது கி.பி. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் வாழ்ந்த அப்தோனியுஸ் என்பாரின் நூலாகும். அதில் பதினான்கு பயிற்சிகள் உள்ளன. நீதிக்கதையில் தொடங்கிச் சட்டமொன்றை முன்மொழிவதில் அவை முடிவுறும். பத்தாவது பயிற்சி ஒப்பீடு. அக்கிலீசையும் ஹெக்ரரையும் ஒருங்கே நிறுத்தி அவர் மாதிரி ஒன்றும் எழுதிக் காட்டியுள்ளார். அவ்விடத்து அவர் கூறும் விதி இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாதது. ஒருவரை முழுமையாக எடுத்து மற்றவர் முழுமையோடு ஒப்பிடலாகாது; அது சுவையற்றது, வாதத்துக்கு உதவாதது. தலைப்புக்குத் தலைப்பு ஒப்பிடவேண்டும் என்கிறார் அவர். ஒருவரைப் புகழ்வதற்கு அவர் வகுத்த தலைப்புக்களே ஒப்பீட்டுக்கும் உரியன: பிறப்பு, வளர்ப்பு, செயல். வளர்ப்புக்கு வளர்ப்பு, செயலுக்குச் செயல் என்று வைக்கும்போது வேற்றுமை மட்டுமன்றி அவ்வேற்றுமைக்கான காரணமும் வெளிப்படும். காரணம் வெளிப்பட்டவிடத்து வாதம் பிறக்கிறது.

ஒப்பீட்டுக்கு அடுத்துவரும் பதினோராம் பயிற்சி பிறரொருவரின் குரலில் நின்று பேசுதல் ஆகும். பதின்மூன்றாவது, பொதுப்பொருள் ஒன்றின்மீது வாதிடுதல். ஆகவே ஒருவனையும் மற்றவனையும் ஒப்பிட்டு, அவர்களுள் ஒருவனாகவே நின்று பேசிப் பழகி, அதன்பின்னரே தன் வாதத்தை முன்வைக்கவேண்டும் என்ற ஏறுவரிசை அங்கு பேணப்பட்டது. இவ்வொழுங்கு தற்செயலானதன்று. எதிரியின் வாயினாற் பேசிப் பாராதவன் வாதிடத் தகுதியற்றவன் என்ற எண்ணம் அதனுள் பொதிந்துள்ளது.

1542 இல் இறைன்ஹார்ட் லோரிக் என்பாரின் உரையோடு வெளிவந்த இலத்தீன் பதிப்பின் வாயிலாக இந்நூல் ஆங்கிலப் பள்ளிகளிலும் நெடுங்காலம் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. ஸ்கொத்லாந்தவரான அலெக்சாண்டர் பெயின் 1866 இல் வெளியிட்ட கட்டுரைப் பயிற்சி நூல் எழுத்தை வகைகளாகப் பகுத்தது. விபரித்தல், கதைகூறல், விளக்குதல், இணங்குவித்தல் என்பன தனித்தனி அறைகளிற் குடியமர்த்தப்பட்டன. அமெரிக்கப் பாடநூல்கள் இப்பகுப்பை விருப்போடு ஏற்றன. பாத்திரத்தை வருணித்தல் ஓர் அறையிலும் வாதம் இன்னோர் அறையிலும் அடைபட்டது இவ்வாறே.

இரண்டாவது மாற்றம் ஹாவாட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1874 முதல் அங்கு அனுமதி வேண்டுவோர் முன்னரே அறிவிக்கப்பட்ட இலக்கிய நூல்களிலிருந்து எடுத்த பொருள்பற்றிச் சிறு கட்டுரையொன்று எழுதவேண்டும் என்று விதிக்கப்பட்டது. சேக்ஸ்பியரின் சில நாடகங்களும் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ'வும் அம்முதற் பட்டியலிலே இருந்தன. பிற பல்கலைக்கழகங்களும் இவ்வழியைப் பின்பற்றவே, பட்டியலுக்கு உட்பட்ட நூல்களே உயர்பள்ளிப் பாடமாயின. இலக்கியம் கட்டுரைக்குப் பொருளாகியது. கட்டுரை படித்ததற்குச் சான்றாகியது. அக்கட்டுரையை வாசிப்பவர் ஒரேயொருவர், அதாவது தேர்வாளர். அவர் எதற்கும் இணங்கவேண்டியவரல்லர், புள்ளி இடவேண்டியவர். யாரையும் இணங்கவைக்கத் தேவையில்லாத இடத்தில் ஒப்பீடு வெறும் நினைவாற்றற் பயிற்சியாகச் சுருங்குவது இயல்பே. இப்பட்டியல்களின் பிடிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியிலேயே 1911 இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவை தோன்றியது. எனினும் பட்டியலின் நிழல் நெடுநாள் நீங்கவில்லை.

அடுத்து வரும் அரைநூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1966 இல் இரு நிகழ்ச்சிகள் ஒருங்கே நேர்ந்தன. டாட்மத் கல்லூரியிற் கூடிய ஆங்கில - அமெரிக்கக் கல்வியாளர் மாநாடு, மொழிப்பாடத்தின் நடுவில் நூற்பட்டியலை அன்றி மாணவனின் அனுபவத்தை வைக்கவேண்டும் என்ற குரலுக்கு வலுவூட்டியது. அதே ஆண்டில் டானியல் ஃபேடர், மிச்சிகன் மாநிலத்தில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியொன்றில் மலிவுப் பதிப்பு நூல்களை மாணவர் தாமே தெரிந்தெடுத்துப் படிக்கவிட்ட அனுபவத்தை நூலாக்கினார். படிக்கமாட்டார் என்று கைவிடப்பட்டோர் படித்தனர். ஆயின் அவர்களது வாழ்வைப் பேசும் நூல்கள் மிகச் சிலவே இருந்தன. அமெரிக்க நூலகச் சங்கம் 1957 இலேயே இளையோர்க்கான தனிப் பிரிவொன்றை அமைத்திருந்தது. வாசகர் என்ற இனம் இனங்காணப்பட்டாயிற்று. அவர்களுக்குரிய இலக்கியமோ இன்னும் உருவாகவில்லை. 1967 ஓகஸ்டில் 'நியூயோர்க் ரைம்ஸ்' நூல்மதிப்புரைப் பகுதியில் ஹின்ரன் எழுதிய கட்டுரை இக்குறையையே சுட்டியது. பதின்ம வயதினர்க்கென எழுதப்படும் கதைகள் அவ்வயதினரின் உண்மையான உலகத்தை அறியா என்பது அவர் வாதம். பத்தொன்பது வயதில் அவர் எழுதிய இணங்குவிக்கும் கட்டுரை அது.

இனி நாவலுக்கு வருவோம். பெயர் குறிக்கப்படாத நகரமொன்றின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பிள்ளைகள். நீண்ட, எண்ணெய் பூசிய தலைமயிரால் 'கிறீசர்' எனப்படுவோர். மேற்குப் பகுதியில் காரும் நல்லுடையும் உடைய 'சோஷ்' கூட்டத்தார். கதை சொல்பவன் பதினான்கு வயதுக் கிறீசனான பொனிபோய். பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட, இருபது வயது மூத்த அண்ணன் டறியும் இளைய அண்ணன் சோடாபொப்பும் அவனோடு வாழ்கின்றனர். ஓரிரவு சோஷ் கூட்டத்தார் பூங்காவிலுள்ள நீர்த்தொட்டியில் பொனிபோயின் தலையை அமுக்கிப் பிடிக்க, அவனைக் காக்க அவன் நண்பன் ஜொனி கத்தியை எடுக்கிறான். பொப் என்னும் சோஷ் இளைஞன் இறந்துபோகிறான். ஓடி ஒளிந்த இருவரும் பாழ்பட்ட தேவாலயமொன்றில் தங்குகின்றனர். பின்பு அத்தேவாலயம் தீப்பற்றுகிறது. உள்ளே அகப்பட்ட குழந்தைகளைக் காப்பாற்றுகையில் ஜொனி முதுகெலும்பு முறிந்து சில நாட்களில் உயிர்விடுகிறான். அவன் இறப்பைத் தாங்கமாட்டாத டாலி என்பவன் பொலிசாரின் குண்டுக்குத் தன்னைத் தானே இலக்காக்கிக்கொள்கிறான்.

மேலோட்டமாக வாசிப்பின் இது இரு கட்சிக் கதை. வகுப்பறை அட்டவணைக்கு இதனினும் வசதியான நூல் கிடையாது. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் கிறீசர், வலப்பக்கம் சோஷ். ஏழ்மை, செல்வம், முரட்டு உணர்ச்சி, உணர்ச்சியின்மை. இரண்டாவது இணையை நாவலே தருகிறது. சோஷ் பெண்ணான செரி, தங்களுக்கும் கிறீசருக்கும் உள்ள வேறுபாடு பணம் மட்டுமன்று, உணர்ச்சியை மறைப்பதும் மறையாமையுமே என்று பொனிபோயிடம் கூறுகிறாள். கூறிய சிறிது நேரத்திலேயே இருவரும் ஒரே சூரிய அத்தமனத்தை நகரின் இருபுறங்களில் நின்று பார்த்துவந்தவர்கள் என்பது வெளிப்படுகிறது. கோடு கிழிக்கப்பட்ட இடத்திலேயே அழிபடவும் தொடங்குகிறது.

அப்தோனியுசின் தலைப்புக்களை ஜொனிக்கும் பொப்புக்கும் இட்டுப் பார்த்தல் பயனுடைத்து. பிறப்பு: ஒருவன் வறியவன், மற்றவன் செல்வன். செயல்: இருவரும் ஒரே இரவில் ஒருவரையொருவர் அழித்தவர்கள். வளர்ப்பு என்ற தலைப்பிற்றான் நாவலின் நுட்பம் விளங்குகிறது. ஜொனியின் தந்தை அவனை அடிப்பவர். தாய் அவனைப் பொருட்படுத்தாதவள். பொப்பின் பெற்றோரோ அவன் செய்த எதனையும் தடுக்காதவர்கள். அவன் குடித்துவிட்டு வந்தபோதும் தங்களையே நொந்துகொண்டவர்கள். தன்னை ஒருவர் 'கூடாது' என்று தடுத்து நிறுத்தவேண்டும் என்றே அவன் வாழ்நாளெல்லாம் ஏங்கினான் என்று அவன் தோழன் றன்டி சொல்கிறான். ஒருவனுக்கு அடி மிகுதி, மற்றவனுக்கு இடம் மிகுதி. முற்றிலும் எதிரானவைபோலத் தோன்றும் இரு வளர்ப்புக்களும் ஒரே குறையில் வந்து முட்டுகின்றன. இருவரையும் உண்மையிற் பார்த்தவர் வீட்டில் எவருமில்லை. முழுமையை முழுமையோடு வைத்து ஏழை, பணக்காரன் என்று எழுதி முடிக்கும் மாணவனுக்கு இது தென்படாது. தலைப்புக்குத் தலைப்பு வைப்பவனுக்கே தென்படும்.

டறி, சோடாபொப் என்ற இணை வேறு வகையிற் செயற்படுகிறது. இளைய அண்ணன் அன்புடையவன், மூத்தவன் கல்நெஞ்சன் என்று பொனிபோய் நம்மை நம்பவைக்கிறான். மருத்துவமனையில் டறி அழுவதைக் கண்டபோதுதான் தன் ஒப்பீடே பிழை என்று அவன் உணர்கிறான். வாசகனும் அவனோடு சேர்ந்து ஏமாந்திருக்கிறான். கதைசொல்லியின் முரணை நம்பிய நாமும் தவறாகத் தீர்ப்பளித்தோமே என்ற கூச்சம் வாசகனுக்கு ஏற்படுகிறது. இவ்வொரு கூச்சத்துக்காகவே இந்நாவலை இளையோர்க்குக் கற்பிக்கலாம் என்று தோன்றுகிறது.

இங்கு நாவலின் அமைப்பைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கதையின் இறுதியிற் பொனிபோய் ஆங்கிலப் பாடத்தில் தேறாத நிலையில் இருக்கிறான். நல்ல கட்டுரையொன்று எழுதித் தந்தால் தேறவிடுவதாக ஆசிரியர் சைம் கூறுகிறார். என்ன எழுதுவதென்று அறியாது பலநாள் திகைத்திருக்கும் அவன், இறந்த ஜொனி ஒரு நூலுக்குள் வைத்துச்சென்ற கடிதத்தைக் கண்டெடுக்கிறான். உலகில் இன்னும் நல்லது உண்டென்று டாலிக்குச் சொல் என்பது அக்கடிதத்தின் சாரம். டாலி இறந்து நாட்களாகிவிட்டன. உரியவரைச் சென்றடையாத கடிதம் அது. டாலியைப் போன்று தெருக்களில் இருக்கும் மற்றையோர்க்காகவும், அவர்களைத் தலைமயிரைக் கொண்டு மதிப்பிடுவோர்க்காகவும் யாரேனும் பேசவேண்டும் என்று உணரும் பொனிபோய் எழுத உட்காருகிறான். அவன் எழுதும் முதல் வாக்கியம் நாவலின் முதல் வாக்கியமே. ஆகவே நாம் படித்து முடித்தது ஒரு மாணவனின் பள்ளிக் கட்டுரை.

இதனோடு சேர்த்து நோக்கவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. கட்டுரைக்கு முன்னர் நீதிமன்ற விசாரணை ஒன்று நடைபெறுகிறது. அங்கு நீதிபதி பொனிபோயிடம் வீட்டைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் மட்டும் மென்மையாகக் கேட்கிறார். பொப்பின் சாவைப் பற்றி அவனிடம் ஒரு வினாவும் இல்லை. மருத்துவரின் பரிந்துரையால் அவ்வாறு நேர்ந்தது. அண்ணன்மாரோடு வாழவும் அவன் அனுமதிக்கப்படுகிறான். தீர்ப்பு நன்மையானதே. ஆனால் அவன் சாட்சியம் கேட்கப்படவில்லை. நீதிமன்றம் கேளாத சாட்சியத்தை ஆங்கில ஆசிரியரிடம் ஒப்படைக்கிறான் அவன். பெயினின் பகுப்பில் கதைகூறல் என்ற அறையில் வைக்கப்படத்தக்க எழுத்து, உண்மையில் இணங்குவித்தல் என்ற அறைக்கு உரியதாகிறது. பெண்ணொருத்தி பையனின் குரலிற் பேசுகிறாள் என்பதையும் கருதின், ஒப்பீடு, பிறர்குரலிற் பேசுதல், வாதம் ஆகிய பழைய மூன்று படிகளும் ஒரே நூலில் ஒருங்கமைந்தமை தெளிவாகும். ஹின்ரன் அப்தோனியுசைக் கற்றவர் என்பதன்று இங்கு கருத்து. தேவை ஒன்றாயின் வழியும் ஒன்றாக அமையும் என்பதே.

வகுப்பறையில் நிகழ்ந்தது யாது? ஜொனி குற்றவாளியா, சகோதரர் மூவரும் சேர்ந்து வாழ அனுமதிக்கத் தகுமா, டாலி வீரனா என்பன போன்ற வினாக்கள் மாணவர் முன் வைக்கப்பட்டன. நிலைப்பாட்டைக் கூறும் முதற் பந்தி, மூன்று காரணங்களுக்கு மூன்று பந்திகள், முடிவுக்கு ஒன்று என்ற ஐந்து பந்திச் சட்டத்தினுள் விடைகள் ஊற்றப்பட்டன. இரு நிரல் அட்டவணை வேறொரு நாளில் நிரப்பப்பட்டு ஆசிரியரின் கோப்புக்குட் சென்றது. கட்டுரை எழுதும்போது அட்டவணை உதவவில்லை. அட்டவணை நிரப்பும்போது எவரையும் இணங்கவைக்கும் நோக்கமில்லை. தொடக்க எழுத்தாளனுக்குச் சட்டகம் ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கூறுவதை மறுக்கவியலாது. நாற்பது கட்டுரைகளை ஓரிரவில் திருத்துவோரின் இடரையும் மறத்தலாகாது. ஆயின், தான் வரைந்த கோட்டைத் தானே அழிக்கும் நாவலிலிருந்து கோட்டை மட்டும் எடுத்துக்கொள்வது அந்நாவலுக்கு மாறான வாசிப்பேயாகும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று 1980 இல் கலிபோர்னியாவின் ஃபிறெஸ்னோ பகுதியிலுள்ள லோன் ஸ்ரார் பள்ளியில் நடந்தது. அங்கு பயின்ற பதின்மூன்று, பதினான்கு வயது மாணவரும் பள்ளி நூலகரும் திரைப்பட இயக்குநர் பிரான்சிஸ் ஃபோட் கொப்பலாவுக்குக் கடிதமொன்று விடுத்தனர். இந்நாவலைப் படமாக்கவேண்டும், அதனைச் செய்யத் தக்கவர் அவரே என்பது வேண்டுகோள். மாணவர் பலரின் கையொப்பங்களும் நாவலின் பிரதியும் உடன் அனுப்பப்பட்டன. அவர் தயாரிப்பிற் பங்கேற்ற 'த பிளாக் ஸ்ராலியன்' என்ற படத்தைச் சுவைத்தவர்கள் என்பதால் அவரைத் தெரிந்தெடுத்தனர். அதாவது அவையறிந்து எழுதினர். துல்சா நகரிலேயே படப்பிடிப்பு நிகழ்ந்து, 1983 மார்ச் மாதத்தில் படம் வெளிவந்தது. படம் அப்பள்ளியின் நூலகருக்கும் மாணவருக்கும் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. அக்கடிதத்துக்கு எவரும் புள்ளியிட்டதாகத் தெரியவில்லை. இணங்கவும் மறுக்கவும் உரிமையுடைய வாசகர் ஒருவர் மறுமுனையில் இருந்தார் என்பதே அதன் சிறப்பு.

நாவலால் இணங்காதோரும் உளர். 1986 இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் சவுத் மில்வோக்கியில் இந்நூலுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கப்பட்டது. போதைப்பொருளும் மதுவும் இடம்பெறுவதோடு, ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் சிதைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர் என்பதும் குற்றச்சாட்டாக இருந்தது. சிதைந்த குடும்பத்திற் பிறந்தவன் கதையில் வருதலே குற்றம் என்னும் இவ்வாதம், பொனிபோய் எவருக்கு எதிராக எழுத உட்கார்ந்தானோ அவர்களின் வாதமே. 1988 இல் இளையோர் இலக்கியத்துக்கான மார்கரெட் எட்வேட்ஸ் விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் ஹின்ரன்.

2010 இல் வெளியான அமெரிக்கப் பொதுப் பாடத்தர வரையறைகள் புதியதொரு பிரிவினையைக் கொணர்ந்தன. அவற்றின் பின்னிணைப்பு, இணங்குவிக்கும் எழுத்தையும் தருக்க எழுத்தையும் வேறுபடுத்தியது. எழுதுபவரின் நம்பகத்தன்மையையும் வாசகரின் உணர்ச்சியையும் நாடுவது முன்னது, சான்றின் வலிமையை நாடுவது பின்னது என்று கூறிப் பின்னதையே உயர்த்தியது. பாடநூல்களிலிருந்து சான்று காட்டாத கட்டுரை மதிப்பிழந்தது. வெறும் உணர்ச்சிக் கூச்சலைக் கட்டுப்படுத்தியதென்ற அளவில் இது நன்மையே. எனினும் இவ்வளவுகோலால் அளப்பின், நாவல் முழுவதையும் உள்ளடக்கிய பொனிபோயின் கட்டுரை எத்தரம் பெறும் என்ற ஐயம் எழாமலில்லை. ஹின்ரனின் சொந்த மாநிலமாகிய ஒக்லகோமா இவ்வரையறைகளை 2010 இல் ஏற்று 2014 இல் கைவிட்டது.

நாவலின் குறையென்று கூறத்தக்க ஒன்றும் அதன் முரணிலிருந்தே பிறக்கிறது. அதன் நகரத்துக்குக் கிழக்கும் மேற்கும் உண்டு, வடக்கு இல்லை. துல்சாவின் வடக்கே புகைவண்டிப் பாதைக்கு அப்பால் கிறீன்வூட் என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பு உண்டு. 1921 மே 31 ஆம், ஜூன் 1 ஆம் நாட்களில் வெள்ளையர் கூட்டம் அதனைத் தாக்கி ஏறத்தாழ 35 வீதித் தொகுதிகளை எரித்தழித்தது. இறந்தோர் தொகை 300 வரை இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. நெடுங்காலம் அந்நகரில் அது பேசப்படவில்லை. மாநில அரசு அமைத்த ஆணைக்குழுவின் அறிக்கை 2001 இலேயே வெளிவந்தது. ஹின்ரன் எழுதிய நாட்களில் கறுப்பின மாணவர்க்குரிய பள்ளியாயிருந்த புக்கர் ரி. வொஷிங்ரன் உயர்பள்ளி 1973 இற்றான் இன ஒருங்கிணைப்புக்கு உட்பட்டது. நாவலிற் கறுப்பினத்தவர் எவரும் பாத்திரமாக வளரவில்லை. பதினைந்து வயதுச் சிறுமி தன் பள்ளி நடைவழியிற் கண்டதை எழுதினாள். அதற்காக அவரைக் குறைகூறுதல் நேர்மையன்று. ஆயின் இரு நிரல் அட்டவணை வரையும் ஆசிரியருக்கு அச்சலுகை இல்லை. இரண்டு தரப்பை நன்கு விளக்குந்தோறும் மூன்றாந் தரப்பு ஒன்று இருந்ததென்ற நினைவே அற்றுப்போதல் ஒப்பீட்டின் இயல்பு.

அம்மூன்றாந் தரப்பிலிருந்து எழுந்த நாவல் வால்டர் டீன் மையர்ஸ் 1999 இல் வெளியிட்ட 'மொன்ஸ்ரர்' ஆகும். இளையோர் இலக்கியத்துக்கான பிறின்ற்ஸ் விருது 2000 இல் முதன்முறை வழங்கப்பட்டபோது அதற்கே உரியதாயிற்று. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த பதினாறு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஸ்ரீவ் ஹார்மன், கொள்ளையின்போது கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்டுள்ளான். விசாரணையை அவனே திரைக்கதையாக எழுதுகிறான். இப்போது பல வகுப்பறைகளில் இவ்விரு நாவல்களும் இளையோர் புனைகதைப் பாடத்தில் இடம்பெறுகின்றன.

ஹின்ரன் காட்டிய முரண் மையர்சின் நாவலிற் சட்டத்தரணியின் தொழிற் கருவியாகிவிடுகிறது. ஸ்ரீவின் சட்டத்தரணி ஓபிறையன் அவன் குற்றமற்றவன் என்று நிறுவுவதைவிட, உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ஜேம்ஸ் கிங்கிலிருந்து அவன் வேறுபட்டவன் என்று யூரிமாரைக் காணவைப்பதையே தம் பணியாகக் கொள்கிறார். பள்ளித் திரைப்படக் கழகத்தின் ஆசிரியர் ஸ்ரீவின் குணநலனுக்குச் சாட்சியம் கூறுகிறார். வளர்ப்பு, செயல், பேச்சு யாவும் தலைப்புத் தலைப்பாக வைக்கப்படுகின்றன. அப்தோனியுசின் விதி பிழையின்றிப் பின்பற்றப்படுகிறது. ஸ்ரீவ் விடுதலை பெறுகிறான், கிங் குற்றவாளியாகிறான். ஒருவனை மீட்ட அதே ஒப்பீடு மற்றவனை அமிழ்த்திற்றா என்ற வினாவை நாவல் எழுப்பாமலே எழுப்புகிறது. இதனை வகுப்பிற் கற்பிப்போர் மாணவரை யூரிமாராக இருத்தித் தீர்ப்பு எழுதப் பணிப்பதுண்டு. அவ்வாறு எழுதுவோர் கிங்குக்காகவும் ஒரு பக்கம் எழுதவேண்டும் எனப் பணிக்கும் ஆசிரியரே பதினோராம் பயிற்சியை மறவாதவர் எனலாம்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் ஸ்ரீவ் தன் சட்டத்தரணியைத் தழுவிக்கொள்ளக் கைகளை நீட்டுகிறான். அவரோ உடல் விறைத்து, தம் தாள்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். யூரிமாரை இணங்கவைத்த அவர் தாம் இணங்கினாரா என்பது அவனுக்குத் தெரியவில்லை. மாதங்கள் கழிந்த பின்னரும் வெவ்வேறு கோணங்களிலிருந்து தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டு, அந்தக் கணத்தில் அவர் தன்னிடம் எதனைக் கண்டார் என்று அவன் தேடிக்கொண்டிருக்கிறான்.